புற்றுநோயும் உட்கருச் சட்டகப் புரதங்களும்

கட்டியிலிருந்து எடுத்த சிறு திசுத்துண்டைப் பார்த்து அது புற்றுநோயா இல்லையா என்று முடிவு சொல்லும் நோய்க்குறியியல் மருத்துவர் முதலில் கவனிப்பது செல்லின் உட்கருவைத்தான். ஹெமடாக்சிலின் என்ற சாயம் உட்கருவை நீலமாகவும், ஈயோசின் என்ற சாயம் அதைச் சூழ்ந்துள்ள சைட்டோபிளாசத்தை இளஞ்சிவப்பாகவும் காட்டும். இயல்பான செல்லில் உட்கரு பெரும்பாலும் உருண்டையாகவோ முட்டை வடிவிலோ சீராக அடங்கியிருக்கும்; புற்றுச் செல்லில் அது பெருத்து, விளிம்பு நெளிந்து, மடிப்பும் பள்ளமும் விழுந்து, டி.என்.ஏ.யும் புரதங்களும் சேர்ந்த குரோமாட்டின் திட்டுத்திட்டாகத் திரண்டு, உட்கருவுக்குள் இருக்கும் உட்கருமணி பெரிதாகித் தனித்துத் தெரியும். ஜார்ஜ் பாப்பனிகோலாவ் 1940-களில் நிலைநிறுத்திய, இன்று பாப் ஸ்மியர் என்று எல்லோரும் அறிந்த கருப்பைவாய்ப் பரிசோதனையும் இதே அடையாளங்களைத்தான் நம்பியிருக்கிறது. மரபணு வரிசையைப் படிக்கும் கருவிகள் இவ்வளவு பெருகிய பிறகும், பெரும்பாலான கட்டிகளுக்கு முதல் அறிக்கை உட்கருவின் தோற்றத்தைப் பார்த்தே எழுதப்படுகிறது.

இந்தத் தோற்றம் ஏன் மாறுகிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் தெளிவான விடை இல்லை. புற்றுநோய் மரபணுக்களில் ஏற்படும் பிழைகளால் வருகிறது என்பது உறுதியான செய்தி; ராஸ், பி53 போன்ற மரபணுக்களில் ஓர் எழுத்து மாறினாலும் செல்லின் வளர்ச்சிக் கட்டுப்பாடு குலையக்கூடும். ஆனால் டி.என்.ஏ.யில் ஓர் எழுத்து மாறுவதற்கும் உட்கருவின் உருவமே கோணிப்போவதற்கும் இடையில் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். சுமார் 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ.யை, ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கும் மிகாத உட்கருவுக்குள் மடித்து வைத்து, எந்தப் பகுதி எங்கே இருக்க வேண்டும், எது படிக்கப்பட வேண்டும், எது மூடிக் கிடக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்யும் புரதங்கள்தான் அந்த இடைக்கண்ணி. அவற்றில் ஒரு பெரிய தொகுதியை உட்கருச் சட்டகப் புரதங்கள் என்கிறோம். ஆய்வகப் பேச்சில் நியூக்ளியர் மேட்ரிக்ஸ் புரதங்கள். புற்றுநோயில் இவற்றின் பங்கைத் தேடிப் போகிறவருக்கு ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ஒரு புரதம் பழுதில்லாமல் இருந்தால் மட்டும் போதாது, உட்கருவுக்குள் தனக்கு உரிய இடத்திலும் இருக்க வேண்டும்.

உப்புக் கரைசலில் கரையாமல் எஞ்சும் உட்கரு எச்சம் ஒன்றை மாஸ்கோவில் ஸ்பார்ஸ்கியும் டெபோவும் 1948-லேயே விவரித்திருந்தார்கள். எனினும் துறையின் தொடக்கம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது 1974-ஆம் ஆண்டுதான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பெரஸ்னி, டொனால்ட் காஃபி ஆகிய இருவரும் எலியின் ஈரல் செல்களிலிருந்து உட்கருக்களைத் தனியே பிரித்தெடுத்து, அவற்றை ஒவ்வொரு படியாக உரித்துப் பார்த்தார்கள். டிரைட்டான் என்ற சலவைப் பொருளால் உட்கருவின் கொழுப்புச் சவ்வுகளைக் கரைத்தார்கள், டி.என்.ஏ.யை வெட்டும் நொதியால் டி.என்.ஏ.யைத் துண்டாக்கினார்கள், பிறகு மிக அடர்ந்த உப்புக் கரைசலால், டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன்கள் உள்ளிட்ட பெரும்பாலான புரதங்களைக் கழுவி வெளியேற்றினார்கள். சவ்வும் இல்லை, டி.என்.ஏ.யும் ஏறக்குறைய இல்லை என்ற நிலையிலும் உட்கரு சிதறிப் போகவில்லை. பழைய உருண்டை வடிவம் அப்படியே நின்றது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது வெளிவிளிம்பில் ஓர் உறை, உள்ளே உட்கருமணியின் எச்சம், இரண்டுக்கும் இடையில் நார்களும் மணிகளுமாக ஒரு வலைப்பின்னல் என மூன்று பகுதிகள் தெரிந்தன. உட்கருவின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மிஞ்சியிருந்தது. அந்தச் சிறு பங்குதான் உருவத்தைத் தாங்கி நின்றது.

இந்த வலைப்பின்னல் உயிருள்ள செல்லிலும் இதே வடிவில் இருக்கிறதா என்ற சண்டை அன்று தொடங்கியது. இன்னும் முழுமையாக ஓயவில்லை. உடலின் உப்பளவைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான அடர்த்தியில் உட்கருவை முக்கினால் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளலாம் என்பது மறுப்பாளர்களின் வாதம். முட்டையை அவித்த பிறகு அறுத்துப் பார்த்து, உள்ளே முதலிலிருந்தே கெட்டியான வெள்ளைச் சுவர் இருந்தது என்று சொன்னால் எப்படியோ அப்படித்தான் இதுவும் என்பது அவர்கள் எண்ணம். ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் குக்கின் குழு, செல்லை அகரோஸ் என்ற கூழ்ப்பொருளாலான மணிகளுக்குள் பொதிந்து, உடலுக்கு நெருக்கமான உப்பளவிலேயே இதே வேலையைச் செய்து பார்த்து, அப்போதும் ஒரு நார்க்கூட்டம் தென்படுவதைக் காட்டியது. மறுபக்கத்தில், ஒளிரும் புரதங்களை உயிருள்ள செல்லில் பின்தொடர்ந்தவர்கள், சட்டகத்தைச் சேர்ந்தவை என்று எண்ணப்பட்ட பல புரதங்கள் சில நொடிகளிலேயே இடம் மாறிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். கட்டடத்துக்குத் தூண் நிற்பது போல அசையாத ஒன்றை எதிர்பார்த்தவர்களுக்கு இது பெரும் அடி.

என் மதிப்பீட்டில், இந்த வாதத்தின் முடிவு எதுவானாலும் புற்றுநோய் ஆய்வுக்கு அதனால் இழப்பில்லை. நிலையான எலும்புக்கூடு என்ற பழைய படத்தை அப்படியே ஏற்பது இன்று கடினம்; புரதங்களும் ஆர்.என்.ஏ.யும் கூடியும் கலைந்தும், கூடிய இடத்தில் வேலையை நடத்தும் ஓர் அமைப்பு என்ற படமே சான்றுகளுக்குப் பொருந்தி வருகிறது. ஆனால் உப்பில் கரையாமல் எஞ்சும் அந்தப் புரதங்கள் மெய்யானவை, அவை டி.என்.ஏ.யின் குறிப்பிட்ட பகுதிகளைப் பற்றிக்கொள்வது மெய்யானது. புற்றுச் செல்லில் அவற்றின் தொகுப்பு மாறிப்போவதும் மெய்யானது. சட்டகம் என்ற சொல்லை இந்தக் கட்டுரை அந்தப் பொருளிலேயே கையாளுகிறது.

அங்கே நடக்கும் வேலைகள் சிறியவை அல்ல. 1980-இல் காஃபியின் ஆய்வகத்தில், அப்போது இளம் ஆய்வாளராக இருந்து பின்னாளில் குடல் புற்றுநோய் மரபணுக்களுக்காகப் புகழ்பெற்ற பெர்ட் வோகல்ஸ்டைனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், புதிதாகப் படியெடுக்கப்படும் டி.என்.ஏ. சட்டகத்தோடு ஒட்டியே இருப்பதைக் காட்டினார்கள். அதாவது, படியெடுக்கும் இயந்திரம் டி.என்.ஏ.யின் மீது ஊர்ந்து செல்வதைவிட, ஓரிடத்தில் நின்றுகொண்டு டி.என்.ஏ.யைத் தன் வழியாக இழுத்துக்கொள்கிறது என்ற எண்ணத்துக்கு அது வழிவகுத்தது. அதே ஆண்டுகளில், ஆண்மை ஹார்மோனின் ஏற்பியும் (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்) ஈஸ்ட்ரோஜனின் ஏற்பியும் அந்தந்த ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட திசுக்களின் சட்டகத்தில் கட்டுண்டு கிடப்பது தெரியவந்தது. புராஸ்டேட், மார்பகம் ஆகிய இரண்டிலும் வரும் புற்றுநோய்களுக்கு இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி. டி.என்.ஏ. முறுக்கேறும்போது அதை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டும் டோபோஐசோமரேஸ் 2 என்ற நொதியும் இந்த எச்சத்தில் மிகுதியாக இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சையில் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் எட்டோபோசைடு, டாக்ஸோரூபிசின் ஆகிய மருந்துகள் தாக்குவது இந்த நொதியைத்தான். அந்த வகையில், சட்டகம் என்ற பெயரையே கேள்விப்படாத நோயாளிகள் பலர் சட்டகப் புரதம் ஒன்றின் மீது செயல்படும் மருந்தை ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். எட்டோபோசைடு பெற்ற சிலருக்குப் பிற்காலத்தில் 11-ஆம் குரோமோசோம் முறிந்து புதிய ரத்தப் புற்றுநோய் வருவதும் இதே நொதி வெட்டிய இடம் சரியாக ஒட்டாமல் போவதோடு தொடர்புடையது.

1988-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்ட் ஃபேயும் ஷெல்டன் பென்மனும் வெளியிட்ட ஆய்வு இத்துறையை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது. வெவ்வேறு மனிதத் திசுக்களிலிருந்து வளர்த்த செல்களின் சட்டகப் புரதங்களை, எடையையும் மின்னேற்றத்தையும் கொண்டு பிரிக்கும் இருபரிமாண ஜெல்லில் இட்டுப் பார்த்தபோது, சில புரதங்கள் எல்லாச் செல்களிலும் பொதுவாக இருந்தன. சில, செல் எந்தத் திசுவிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து மாறின. அடுத்த சில ஆண்டுகளில் காஃபியின் மாணவர்கள் எலியின் புராஸ்டேட்டிலும், பிறகு மனிதப் புராஸ்டேட்டிலும் இயல்பான திசு, சாதாரண வீக்கம், புற்றுநோய் ஆகியவற்றின் சட்டகப் புரதப் படங்கள் வேறுபடுவதைக் காட்டினார்கள். செல் இறக்கும்போது இந்தப் புரதங்கள் கரைந்து வெளியே வரும் என்றால், ரத்தத்திலோ சிறுநீரிலோ அவற்றை அளந்து புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாமே என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. பென்மனின் கண்டுபிடிப்பை அடிப்படையாகக் கொண்டு மேட்ரிடெக் என்ற நிறுவனம் 1987-இல் மாசசூசெட்ஸில் தொடங்கப்பட்டது; அது உருவாக்கிய சிறுநீர்ப் பரிசோதனைதான் என்எம்பி22.

பெயரில் உள்ள அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது நுமா என்ற பெரிய புரதம். செல் பிரியாத காலத்தில் நுமா உட்கருவுக்குள் பரவி இருக்கும். பிரிவு தொடங்கி உட்கரு உறை கலைந்ததும் அது கதிர்க்கோல் என்ற பிரிவு அமைப்பின் இரு முனைகளுக்குப் போய்ச் சேர்ந்து, குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும் நுண்குழல்களை முனையில் கட்டிப் பிடித்துக்கொள்ளும். நுமா சரியாக வேலை செய்யாவிட்டால் மகள் செல்களுக்குக் குரோமோசோம்கள் சமமாகப் பிரியாது. குரோமோசோம் எண்ணிக்கை குலைவது புற்றுச் செல்லின் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. செல் இறக்கும்போது காஸ்பேஸ் நொதிகள் நுமாவை வெட்டிவிடுவதால் அதன் துண்டுகள் கரையும் நிலைக்கு வருகின்றன. சிறுநீர்ப்பையின் உட்புறச் சுவரில் புற்று வளரும்போது செல்கள் பெருகுவதும் மடிவதும் ஓயாமல் நடப்பதால், அந்தத் துண்டுகள் சிறுநீரில் இயல்பைவிடப் பல மடங்கு சேர்கின்றன. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தப் பரிசோதனையை 1996-இல், ஏற்கெனவே நோய் வந்தவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதற்காக ஏற்றது; 2000-இல், நோய் ஆபத்து உள்ளவர்களிடம் கண்டறிவதற்கும் ஏற்றது. பின்னர் ஆய்வகமே தேவையில்லாத அட்டை வடிவமும் வந்தது: மருத்துவரின் அறையிலேயே சில சொட்டுச் சிறுநீரை அட்டையில் விட்டு, அரை மணி நேரத்தில் கோடு தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

இந்தப் பரிசோதனையின் மதிப்பைச் சரியாக எடைபோட 2005-இல் ஜாமா இதழில் வெளியான ஆய்வின் எண்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சிறுநீரில் ரத்தம் போன்ற அறிகுறியோ புகைப்பழக்கம் போன்ற ஆபத்தோ உடைய 1,331 பேரிடம் அட்டைப் பரிசோதனையும், உதிர்ந்த செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சைட்டாலஜியும், சிறுநீர்ப்பைக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபியும் செய்யப்பட்டன. 79 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. அவர்களில் 44 பேரை, அதாவது 55.7 விழுக்காட்டினரை, என்எம்பி22 சுட்டிக்காட்டியது. சைட்டாலஜி கண்டுகொண்டது 15.8 விழுக்காட்டை மட்டுமே. இதோடு நிறுத்திவிட்டால் புதிய பரிசோதனைக்கு வெற்றி என்றுதான் தோன்றும். ஆனால் நோய் இல்லாதவரை நோய் இல்லை என்று சரியாகச் சொல்லும் திறன் சைட்டாலஜிக்கு 99.2 விழுக்காடு, என்எம்பி22-க்கு 85.7 விழுக்காடு. நோயில்லாத ஏறத்தாழ 1,250 பேரில் இந்த வேறுபாடு என்ன செய்யும் என்று கணக்கிட்டால், சுமார் 180 பேருக்குத் தவறாக நோய் உண்டு என்று வந்திருக்கும். எனவே அட்டையில் கோடு தெரிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் உண்மையில் புற்றுநோய். ஒருவர் கையில் நேர்மறை அறிக்கை இருக்கும்போது அவர் அறிய வேண்டிய எண் இதுவே. விளம்பரத் தாள்களில் முன்னால் நிற்பதோ பெரும்பாலும் முதல் எண்தான்.

தவறு ஏன் நேர்கிறது என்பதும் இந்தப் புரதத்தின் இயல்பிலிருந்தே விளங்கும். நுமா புற்றுச் செல்லுக்கு மட்டும் உரியதன்று. உட்கரு உடைய பெரும்பாலான செல்களில் அது உண்டு. சிறுநீர்ப்பையில் கல் உரசினாலும், தொற்று வந்தாலும், அண்மையில் கருவி செலுத்தியிருந்தாலும் செல்கள் மடிந்து நுமாத் துண்டுகள் வெளியேறும். மறுபுறம், மெதுவாக வளரும் சிறிய, குறைந்த தரக் கட்டிகள் போதுமான அளவு துண்டுகளை உதிர்ப்பதில்லை; அவற்றைத் தவறவிடுவது இந்தப் பரிசோதனையின் இன்னொரு குறை.

அதற்காக இதை ஒதுக்கித் தள்ளுவதும் நியாயமாகாது. மேற்சொன்ன ஆய்விலேயே, முதல் சிஸ்டோஸ்கோபியில் கண்ணுக்குத் தெரியாத 4 புற்றுநோய்களை அட்டை காட்டிக்கொடுத்தது. அவற்றில் 3, தசைச் சுவர் வரை ஊடுருவியவை, அதாவது தாமதித்தால் உயிருக்கே ஆபத்தானவை. 2006-இல் அதே இதழில் வந்த கண்காணிப்பு ஆய்வில், ஏற்கெனவே சிகிச்சை பெற்ற 668 பேரில் 103 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. சிஸ்டோஸ்கோபி மட்டும் 91.3 விழுக்காட்டைக் கண்டது, என்எம்பி22-ஐயும் சேர்த்தபோது 99 விழுக்காடு பிடிபட்டது. துணைக்கு வைத்துக்கொண்டால் பயன் உண்டு, தனியே நம்பினால் ஆபத்து என்பதே இந்த இரு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் கண்காணிப்பில் சிஸ்டோஸ்கோபிக்கு மாற்றாக, என்எம்பி22 போன்ற சிறுநீர்க் குறியீடுகளைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது. வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்த ஒருவர், இந்த அட்டை எதிர்மறையாக வந்துவிட்டது என்பதற்காக மேற்கொண்டு பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

இதுவரை சொன்னது சட்டகப் புரதம் நோயின் அறிகுறியாக வருவதைப் பற்றி. நோயின் காரணத்திலேயே அதற்குப் பங்கு உண்டா என்பது இன்னும் ஆழமான கேள்வி. இங்கேதான் இடம் பற்றிய அந்தச் செய்தி முழு அளவில் வெளிப்படுகிறது.

ரத்த செல்கள் முதிர்வதை ஆளும் ரன்எக்ஸ்1 என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பகுதி டி.என்.ஏ.யைப் பற்றும், வேறொரு பகுதியில் இருக்கும் 31 அமினோ அமிலங்கள் அதை உட்கருச் சட்டகத்தின் குறிப்பிட்ட இடங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முகவரியாகச் செயல்படுகின்றன. கேரி ஸ்டைன், ஜேன் லியன் ஆகியோரின் குழு இந்த முகவரியை 1997-இல் கண்டறிந்தது. தீவிர மைலாய்டு லுக்கேமியாவின் ஒரு வகையில் 8-ஆம், 21-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அப்போது ரன்எக்ஸ்1-இன் முன்பாதி ஈ.டி.ஓ. என்ற வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. டி.என்.ஏ.யைப் பற்றும் பகுதி தப்பிவிடுகிறது, முகவரிப் பகுதி அறுந்துபோகிறது. கலப்புப் புரதம் அதே மரபணுக்களைத் தேடிப் பிடிக்கிறது, ஆனால் உட்கருவில் வேறு இடங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ரன்எக்ஸ்2, மார்பகப் புற்றுச் செல்கள் எலும்பை அரித்துப் பரவுவதற்கு உதவுகிறது. அதன் முகவரிப் பகுதியில் மட்டும் மாற்றம் செய்த மார்பகப் புற்றுச் செல்களை எலிகளில் செலுத்தியபோது எலும்பு அரிப்பு தடைப்பட்டது என்று அதே குழு 2005-இல் காட்டியது. ஒரு புரதத்தின் அளவைக் குறைக்காமல், அது போய்ச் சேரும் இடத்தைக் கெடுத்தே நோயைத் தடுக்க முடியும் என்ற எண்ணம் இத்துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது.

சாட்பி1 பற்றிய கதை இவ்வளவு நேரானதன்று. டெரூமி கோஹி-ஷிகெமட்சுவின் ஆய்வகம் 1992-இல் இனங்கண்ட இந்தப் புரதம், டி.என்.ஏ. எளிதில் பிரியும் பகுதிகளைப் பற்றிக்கொண்டு டி.என்.ஏ. வளையங்களை ஒன்றுசேர்க்கும். தைமஸ் செல்களில் அது குரோமாட்டினைச் சுற்றி ஒரு கூண்டைப் போல அமைந்திருப்பதைப் பார்த்தார்கள். 2008-இல் நேச்சர் இதழில், தீவிரமான மார்பகப் புற்றுச் செல்களில் சாட்பி1 மிகுந்திருப்பதாகவும், அதை நீக்கினால் 1,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களின் செயல்பாடு மாறி, செல்லின் பரவும் தன்மையே அடங்குவதாகவும் அந்தக் குழு அறிவித்தது. ஒரே ஒரு புரதம் கட்டியின் போக்கையே தீர்மானிக்கிறது என்ற அந்த அறிவிப்பு பெரும் கவனத்தை ஈர்த்தது. ஆனால் வேறு குழுக்கள் நோயாளிகளின் தொகுப்புகளில் சாட்பி1 மரபணுவின் அளவை நோயின் முடிவோடு பொருத்திப் பார்த்தபோது அதே தொடர்பு கிடைக்கவில்லை. வளர்ப்புச் செல்லில் நடப்பதை நோயாளியின் முன்கணிப்பாக மாற்றுவதற்கு முன் எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

சாட்பி1-க்கு எதிர்த்திசையில் வேலை செய்வது ஸ்மார்1. 2000-இல் விவரிக்கப்பட்ட இந்தப் புரதத்தைப் பற்றிய ஆய்வின் பெரும்பகுதி இந்தியாவில், புணேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில், சமித் சட்டோபாத்யாயின் குழுவால் நடத்தப்பட்டது. செல்லைப் பிரியத் தூண்டும் சைக்ளின் டி1 மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஸ்மார்1 போய் அமர்ந்து, ஹிஸ்டோன்களின் மீதிருந்து மரபணுவைத் திறந்துவைக்கும் அசிட்டைல் குறிகளை நீக்கும் நொதியை அங்கே அழைத்துவந்து, அந்த மரபணுவை அடக்கிவைக்கிறது. பி53 நிலைத்திருக்கவும் துணைபுரிகிறது. அதன் மரபணு அமைந்துள்ள 16-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தின் நுனிப்பகுதி மார்பகப் புற்றுநோய்களில் அடிக்கடி இழக்கப்படுவது என்பதும் இதோடு சேர்த்து எண்ணத் தக்கது.

உட்கருவின் விளிம்பில் உறைக்கு அடியில் பரவியிருக்கும் லேமின்கள் என்ற புரதங்கள், நோய்க்குறியியல் மருத்துவர் பார்க்கும் அந்தக் கோணல் உருவத்தோடு மிக நேரடியாகத் தொடர்புடையவை. லேமின் ஏ குறைந்த உட்கரு நெகிழ்ந்து கொடுக்கும். பல கட்டிகளில் அது குறைந்தே காணப்படுகிறது. நெகிழ்ந்த உட்கருவோடு செல் குறுகிய திசு இடைவெளிகளில் நெருக்கிப் புகுந்து செல்வது எளிது, ஆகவே பரவுவதும் எளிது. ஆனால் அந்த நெருக்கடியில் உட்கரு உறை கிழிந்து டி.என்.ஏ. சேதமடையும் என்று 2016-இல் இரண்டு குழுக்கள் உயிருள்ள செல்களில் நேரில் காட்டின. பெரும்பாலான கிழிசல்கள் சரிசெய்யப்பட்டு விடுகின்றன. சரியாகாதவை புதிய மரபணுப் பிழைகளுக்கு இடம் தருகின்றன. மரபணுப் பிழை உருவத்தைக் கெடுக்கிறது, கெட்ட உருவம் மேலும் மரபணுப் பிழையைக் கொண்டுவருகிறது.

இடம் தவறிய புரதத்தை அதன் இடத்துக்குத் திருப்பி அனுப்பியே ஒரு புற்றுநோயைக் குணப்படுத்திய வரலாறு ஒன்று உண்டு. தீவிர புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயை நார்வேயின் லெய்ஃப் ஹில்லெஸ்டாட் 1957-இல் தனி நோயாக விவரித்தபோது, ரத்தக்கசிவால் சில வாரங்களிலேயே உயிரைப் பறிப்பது என்பதே அதன் அடையாளமாக இருந்தது. 1977-இல் ஜேனட் ரவுலியின் குழு இந்த நோயாளிகளின் 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டது. 17-இல் முறிந்த இடம் ரெட்டினாயிக் அமில ஏற்பியின் மரபணு. 15-இல் முறிந்தது அதுவரை யாரும் அறியாத ஒரு மரபணு. நோயின் பெயரையே அதற்கு வைத்துப் பிஎம்எல் என்றார்கள்.

பிஎம்எல் சட்டகத்தோடு ஒட்டிய புரதம். இயல்பான உட்கருவில் அது சிதறிக் கிடப்பதில்லை. ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய சில புள்ளிகளாகத் திரண்டிருக்கும். ஒளிரும் எதிர்ப்பொருளால் சாயமேற்றினால் ஒரு செல்லில் பத்துப் பதினைந்து பளிச்சிடும் புள்ளிகளை எளிதில் எண்ணிவிடலாம். புற்றுச் செல்லில், ஏற்பியோடு ஒட்டிய கலப்புப் பிஎம்எல், இயல்பான பிஎம்எல்லையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போவதால், அந்தப் புள்ளிகள் உடைந்து உட்கரு முழுவதும் நூற்றுக்கணக்கான நுண்ணிய தூள்களாகச் சிதறிவிடுகின்றன. 1994-இல் மூன்று ஆய்வகங்கள் இதைத் தனித்தனியே காட்டின.

விளக்கத்துக்கு முன்பே மருந்து வந்துவிட்டது என்பது இந்த வரலாற்றின் வியப்பு. ஷாங்காயின் ரூயிஜின் மருத்துவமனையில் வாங் சென்யியின் குழு, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஆல்-டிரான்ஸ் ரெட்டினாயிக் அமிலத்தை 24 நோயாளிகளுக்குக் கொடுத்து, அனைவரும் நோய் தணிந்த நிலையை அடைந்ததாக 1988-இல் எழுதியது. அதற்கு முன்பிருந்தே வடகிழக்குச் சீனாவின் ஹார்பினில் சாங் டிங்டாங்கும் அவருடைய உடன் பணியாற்றியவர்களும் ஆர்செனிக் கலந்த மருந்தைக் கொடுத்து இந்த நோயில் நல்ல பலனைக் கண்டிருந்தார்கள். ஆர்செனிக் எங்கே வேலை செய்கிறது என்பது மெல்ல மெல்லத் தெளிவானது. அது பிஎம்எல்லின் துத்தநாக விரல்கள் எனப்படும் பகுதிகளில் உள்ள சிஸ்டைன் என்ற அமினோ அமிலங்களை நேரடியாகப் பற்றுகிறது. அதனால் சிதறிக் கிடந்த பிஎம்எல்லும் கலப்புப் புரதமும் ஒன்று திரண்டு, சட்டகத்தோடு ஒட்டிய புள்ளிகளுக்குத் திரும்புகின்றன. அங்கே சுமோ என்ற சிறு புரதம் அவற்றின் மீது ஏற, அதை அடையாளமாகக் கொண்டு ஆர்என்எஃப்4 என்ற நொதி அவற்றைச் சிதைவுக்கு அனுப்புகிறது. கலப்புப் புரதம் அழிகிறது, புள்ளிகள் மறுபடி அமைகின்றன. குறைந்த அல்லது நடுத்தர ஆபத்துடைய நோயாளிகளிடம் இந்த இரண்டு மருந்துகளை மட்டும், வழக்கமான கீமோதெரபி இல்லாமல் கொடுத்துப் பார்த்த இத்தாலிய-ஜெர்மானிய ஆய்வு 2013-இல் வெளியானது: இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 99 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தார்கள்; ரெட்டினாயிக் அமிலத்தோடு கீமோதெரபி பெற்ற பிரிவில் அது 91 விழுக்காடு. ஆர்செனிக்குக் கட்டுப்படாமல் நோய் திரும்பிய சிலரைச் சோதித்தபோது, பிஎம்எல்லில் ஆர்செனிக் பற்றும் பகுதிக்கு அருகிலேயே மரபணு மாற்றம் இருந்தது.

இந்த நோயில் மணிக்கணக்குகூட முக்கியம், ஏனெனில் சிகிச்சை தொடங்கும் முன்பே மூளைக்குள் ரத்தம் கசிந்து இறப்பவர்கள் உண்டு. ஆகவே சந்தேகம் எழுந்தவுடன் ரெட்டினாயிக் அமிலத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே இன்றைய வழக்கம். மரபணுப் பரிசோதனையின் முடிவு வருவதற்குள், பிஎம்எல்லுக்கு எதிரான ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு எலும்பு மஜ்ஜைச் செல்களைச் சாயமேற்றிப் பார்த்தால், சுமார் இரண்டு மணி நேரத்தில் விடை கிடைக்கும்: சில பெரிய புள்ளிகள் தெரிந்தால் பிஎம்எல் தன் இடத்தில் இருக்கிறது, தூளாகச் சிதறித் தெரிந்தால் 15-17 மாற்றம் நடந்திருக்கிறது. மூலக்கூறு ஆய்வகம் இல்லாத ஊரிலும் ஒரு ஒளிர் நுண்ணோக்கி இருந்தால் இதைச் செய்துவிடலாம். இதற்கும் ஓர் எல்லை உண்டு. மிக அரிதாக, ஏற்பியின் மரபணு பிஎம்எல்லோடு சேராமல் வேறொன்றோடு சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேரும் புரதங்களில் ஒன்று, சிறுநீர்ப் பரிசோதனையில் நாம் பார்த்த அதே நுமா. அத்தகைய நோயாளியின் செல்லில் பிஎம்எல் புள்ளிகள் உடையாமல் இயல்பாகவே தெரியும். எனவே நோயின் மற்ற அடையாளங்கள் பொருந்தியிருந்து இந்தச் சாயப் பரிசோதனை மட்டும் எதிர்மறையாக வந்தால், ரெட்டினாயிக் அமில ஏற்பி எந்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது என்பதை மரபணு அளவில் கண்டறிய வேண்டும். நுமாவோடு ஒட்டியிருந்தால் ரெட்டினாயிக் அமிலம் பலன் தரக்கூடும். பிஎல்இசட்எஃப் என்ற புரதத்தோடு ஒட்டியிருந்தால் அது தனியே பெரும்பாலும் பலன் தருவதில்லை, வேறு மருந்துகளைச் சேர்க்க வேண்டியிருக்கும்.